கட்டைவிரல் துணைக்குழு

சிமிட்டாதக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. அடையாள அட்டையில் இருந்தது, அவ்வளவுதான். முப்பத்தோரு வருஷம் ஸ்டுடியோவுக்குள் நின்று, வந்தவர் போனவர் எல்லோரையும் பார்த்து "கண்ணைச் சிமிட்டாதீங்க, சிமிட்டாதீங்க" என்று கத்தியதில், தெருவே அவளுக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட்டது. அக்காவுக்கு அதில் வருத்தம் கிடையாது. "பட்டமாவது சொந்தமா சம்பாதிச்சேனே, விடு" என்பாள்.

ஸ்டுடியோ வாசலில் தொங்கிய பலகையில் அவள் வீட்டுக்காரர் பெயர்தான். படம் எடுப்பது, ஃபிலிம் கழுவுவது, பிரிண்ட் போடுவது, நெகட்டிவின் மேல் கூர்ப் பென்சிலால் பருவையும் தழும்பையும் மறைப்பது, எல்லாம் அக்கா. தெருவே முதலாளி என்று கூப்பிட்ட அவள் வீட்டுக்காரர், முன்பக்க மேசையில் உட்கார்ந்து "உள்ள போங்க, சீப்பு கண்ணாடிக்குப் பக்கத்துல இருக்கு" என்பார். அதை நன்றாகவே சொல்வார், குறை சொல்லக் கூடாது.

கடை திறந்த புதிதில் நாலு பேர் "பொம்பளை எடுத்தா படம் நிக்குமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அதனால் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் 'எடுத்தவர்' என்று முதலாளி பெயர் விழுகிற மாதிரி ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்தார்கள். யோசனை சொன்னது யார்? அக்கா. ஸ்டாம்ப் செய்யக் கொடுத்து வாங்கி வந்தது? அக்கா. ஒரு நாளைக்கு நூறு தடவை மையில் தொட்டுத் தொட்டுக் குத்தியது? அந்தப் புண்ணியவதியேதான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அவள் ஸ்டாம்ப் பேடு வைத்து வரிசையாகச் செய்தாள்.

பெரிய வெள்ளம் வந்த வருஷம், ஆற்றுப் பாலம் நடுவில் ஒடிந்து விழுந்த அன்று, கேமராவைப் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு போய் அக்கா ஒரு படம் எடுத்தாள். மிச்சமிருக்கிற பாலத்தின் மேல் ஒரு பெண், தையல் மெஷினின் மேல்பாகத்தை மட்டும் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வருகிறாள். வாய் திறந்திருக்கிறது, கண் நேரே நம்மைப் பார்க்கிறது. அந்தப் படம் பேப்பரில் வந்தது, காலண்டரில் வந்தது, கடைசியில் நிழற்பட வரலாற்றுக் கழகத்தின் அருங்காட்சியகத்தில் இரண்டாம் கூடத்துச் சுவரில் ஏறியது. தலைப்பு: 'நம்பிக்கையின் புன்னகை'. எடுத்தவர்: முதலாளி. பின்னால் ஸ்டாம்ப் இருக்கிறதே, அப்புறம் என்ன!

அது புன்னகையே இல்லை. "நான் சாகப் போறேன், உனக்குப் படம் கேக்குதாடி?" என்று அந்தப் பெண் அக்காவைப் பார்த்துக் கத்தினாள். நியாயமான கேள்விதான் என்று அக்கா இன்றைக்கும் ஒப்புக்கொள்வாள்.

இதெல்லாம் பழகிப்போன சங்கதி. முதலில் முதலாளி "எங்க ஸ்டுடியோ எடுத்தது" என்றார். சில வருஷத்தில் அது "நாங்க எடுத்தோம்" ஆயிற்று. கடையை மூடி வீட்டோடு உட்கார்ந்த பிறகு சலூனில், பஸ்ஸில், டாக்டர் வீட்டு வாசலில் எல்லாம் "நான் எடுத்தேன்" ஆயிற்று. அக்கா சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். ஒரு நாள் ஃபேன் மாட்ட வந்த எலெக்ட்ரீஷியனிடம் அவர் பாலத்துக் கதையை ஆரம்பித்தபோதுதான் வாய் சும்மா இருக்காமல், "என்னங்க, அன்னிக்கு உங்களுக்குக் காய்ச்சல். மாடியில படுத்திருந்தீங்க" என்றாள்.

முதலாளி அவளை இரக்கத்தோடு பார்த்தார். "மாடியில படுத்திருந்தது நீடி. உனக்குத்தான் காய்ச்சல். வெந்நீர் வெச்சுக் குடுத்துட்டுத்தானே நான் கிளம்பினேன்? பாவம், உனக்கு ஞாபகம் இல்ல."

அவர் பொய் சொல்லவில்லை. அப்படியே நம்பினார். படத்தை விட்டுக்கொடுத்தபோதெல்லாம் வலிக்காத அக்காவுக்கு, அந்த ஒரு சொம்பு வெந்நீரை விட்டுக்கொடுத்தபோது வலித்தது. அது அவள் வைத்த வெந்நீர். அன்றைக்குச் சாயங்காலமே முடிவு செய்தாள்: அந்தச் சுவரில் எடுத்தவர் பெயர் மாற வேண்டும். மாறினதைப் பார்த்தாவது இந்த மனுஷன் தன் வாயால், "நீதான் எடுத்தே" என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். வேறொன்றும் அவளுக்கு வேண்டாம்.

கழகத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது. 'மறக்கப்பட்ட பெண் ஒளிப்படக் கலைஞர்களை நினைவுகூரும் பிரிவு' என்று பெயர். மூன்றாம் மாடியில், கழிவறைக்கும் உடைந்த நாற்காலிகள் அடுக்கிய அறைக்கும் நடுவில் இருந்தது. கதவில் பலகை இல்லை. உள்ளே இருந்த செயலர் அக்காவைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏழு வருஷமா இந்தப் பிரிவு இயங்குதும்மா. நீங்கதான் முதல் ஆள்."

"ஏன் சார், வேற யாரும் வரலையா?"

"இப்படி ஒரு பிரிவு இருக்குன்னு யாருக்கும் தெரியாதேம்மா" என்றார் செயலர், பெருமையாக.

படிவம் பதினொரு பக்கம். ஏழாவது கேள்வி: 'ஒளிப்படத்தில் தங்கள் பங்கு யாது? (அ) நின்றவர், (ஆ) உட்கார்ந்தவர், (இ) குழந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தவர், (ஈ) இதர.' அக்கா 'இதர'வில் குறி போட்டாள். இதரர் என்றால் தனியாக உறுதிமொழிப் பத்திரம் வேண்டும் என்றார் செயலர். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அவள் மறக்கப்பட்டவள்தான் என்று நிரூபிக்க வேண்டும்.

"அதை எப்படி சார் நிரூபிக்கிறது?"

"ரொம்பச் சுலபம். உங்களைப் பத்து வருஷத்துக்குக் குறையாம நல்லாத் தெரிஞ்ச ரெண்டு பேர், உங்களைத் தங்களுக்கு நினைவே இல்லைன்னு கையெழுத்துப் போடணும்."

அக்கா ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தாள். விளையாடுகிற முகமாகத் தெரியவில்லை. சரி, தலையைச் சுற்றித்தான் மூக்கைத் தொட வேண்டும் என்றால் தொட்டுவிட்டுப் போவோம், மூக்கு நம்முடையதுதானே என்று படிவத்தை வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

நாத்தனார் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். "இதுக்குப் போய் ஒரு சான்றா? எனக்கு என்னைக்கு உன் ஞாபகம் வந்திருக்கு?" என்று காப்பியும் கொடுத்து அனுப்பினாள். எதிர்க் கடைத் தையல்காரர்தான் சிரமப்படுத்தினார்.

"அக்கா, என் கல்யாணப் படம் நீங்க எடுத்தது. என் பொண்ணு பள்ளிக்கூடத்துல சேந்தப்போ எடுத்த படம் நீங்க எடுத்தது. எங்கப்பா போனப்போ சின்னப் படத்தைப் பெரிசு பண்ணி, மூடியிருந்த கண்ணைத் திறந்த மாதிரி வரைஞ்சு குடுத்தது நீங்க. உங்களைத் தெரியாதுன்னு எந்தக் கையால எழுதுவேன்?"

"வலது கையாலயே எழுதுப்பா, எனக்காக."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினார். எழுதி முடித்து, மனசு கேட்காமல் கீழே 'அக்கா நீடூழி வாழ்க' என்று சேர்த்துவிட்டார். செயலர் அந்தச் சான்றை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "மறந்தவர் எப்படிம்மா வாழ்த்துவார்?" என்று தள்ளுபடி செய்தார்.

வேறு வழியில்லாமல் அக்கா வீட்டுக்காரரிடமே நீட்டினாள்.

"என்னது இது?"

"மறந்துபோன பொம்பளைங்களுக்கு ஏதோ செய்றாங்களாம்."

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். 'மேற்படியார் ஒளிப்படம் எடுப்பவராக இருந்தது எனக்கு நினைவில் இல்லை.' கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்து யோசித்தார். பிறகு சுத்தமான மனசோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கோப்பு முழுவதிலும் மனசாட்சிக்கு விரோதமில்லாத தாள் அது ஒன்றுதான். அக்கா அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் அது வேறு என்னவாகவோ ஆகிவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

அடுத்தது ஆதாரம். அக்கா நெகட்டிவ் பெட்டியையே தூக்கிக்கொண்டு போயிருந்தாள். செயலர் பெட்டியைத் திறக்கவில்லை.

"இதெல்லாம் நீங்க எடுத்த படங்கள்னு நீங்க சொல்றீங்க. நீங்க படம் எடுத்தீங்கங்கறதுக்கு என்ன ஆதாரம்? நீங்க படம் எடுக்கற மாதிரி ஒரு படம் வேணும்."

"சார், நான் எடுத்துட்டு இருக்கும்போது என்னை யாரு எடுப்பாங்க?"

"அதைத்தான் நாங்களும் கேக்கறோம்."

"அந்தப் பாலத்துப் பொம்பளை சிரிக்கல சார், என்னைத் திட்டினா. என்ன சொல்லித் திட்டினான்னு வேணா சொல்றேன். எடுத்தவங்களுக்குத்தானே அது தெரியும்?"

செயலர் படத்தின் நகலை எடுத்து உற்றுப் பார்த்தார். "படத்துல ஒலி இல்லையேம்மா" என்றார்.

அக்கா வீட்டுக்கு வந்து பரண், பெட்டி, அலமாரி எல்லாவற்றையும் கவிழ்த்தாள். ஊரில் பாதிப் பேர் முகம் இருந்தது. தூங்குகிற குழந்தை, முறைக்கிற மாமனார், மூக்குத்தி தெரியவேண்டும் என்று ஒருபக்கமாகத் திரும்பின மணப்பெண். அவள் முகம் மட்டும் ஒன்றில்கூட இல்லை. வீட்டு விசேஷப் படங்களை எடுத்துப் பார்த்தால், அந்தக் குடும்பத்துக்கு மருமகளே கிடையாது என்று நீதிமன்றத்தில் சத்தியம் செய்யலாம். நாத்தனார் சொன்னதில் தப்பில்லை. தன்னை இப்படிச் சுத்தமாகத் துடைத்து வைக்க வெளியாள் யாராலும் முடியாது, அதற்கும் ஒரு கைத்தொழில் தெரிந்திருக்க வேண்டும் என்று அக்கா தன்னைத் தானே பாராட்டிக்கொண்டாள்.

ஒன்று கிடைத்தது. டைமர் வைத்துத் தன்னையே எடுத்துக்கொண்ட பாஸ்போர்ட் படம். செயலர் அதை ஏற்கவில்லை. "இதை எடுத்தது கருவிம்மா. கருவி ஆணும் இல்ல, பெண்ணும் இல்ல. எங்க பிரிவுல வராது."

மூன்றாம் நாள், பழைய மின்சார ரசீதுகளுக்கு நடுவிலிருந்து இன்னொன்று விழுந்தது. ஸ்டுடியோவுக்கு இரண்டாவது கேமரா வந்த அன்று எடுத்தது. பழைய கேமராவை அவள் கையில் வைத்துக்கொண்டு, புதுசை முதலாளியிடம் கொடுத்து, "சும்மா பொத்தானை அமுக்குங்க" என்று சொல்லியிருந்தாள். அமுக்கினார். அவர் வாழ்நாளில் எடுத்த ஒரே படம். அறை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அக்கா இரண்டு அக்காவாகக் கலங்கித் தெரிந்தாள். இடதுபக்கக் கீழ்மூலையில் கால்வாசியை ஏதோ கறுப்பாக மறைத்திருந்தது. ஆனால் கையில் கேமரா இருந்தது. தெய்வமே என்று எடுத்துக்கொண்டு ஓடினாள்.

இந்தத் தடவை குழுவே கூடியது. தலைவர், செயலர், நிபுணர். தலைவர் பெரிய மனிதர், ஐம்பது வருஷமாக ஒளிப்படக் கலையைப் பற்றிப் பேசி வருபவர். நிபுணர் அந்தப் படத்தை வாங்கியவர் கீழே வைக்கவே இல்லை. பூதக்கண்ணாடியை எடுத்தார், ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார்.

"முன்புலத்தில் எழுகிற இந்தக் கரிய குன்றைக் கவனியுங்கள்" என்றார், குரல் நடுங்க. "பெண்ணை நோக்கி மெல்ல நகர்ந்து வருகிறது. இதுதான் சமூகம். இதுதான் விதி. எவ்வளவு துணிச்சல்!"

"அது எங்க வீட்டுக்காரரோட கட்டைவிரலுங்க" என்றாள் அக்கா.

அறையில் டீ உறிஞ்சுகிற சத்தம் நின்றது. தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "யாருடையது?"

"வீட்டுக்காரரோடது. பொத்தானை அமுக்கச் சொன்னா லென்ஸையும் சேத்துப் பிடிச்சிட்டாரு."

"பாலப் படம் எடுத்தாரே, அவரா?"

"அதைத்தாங்க நான் சொல்ல வர்றேன், பாலத்தை எடுத்தது..."

ஆனால் நிபுணர் எழுந்துவிட்டார். "தன் உடலையே படத்துக்குள் வைத்திருக்கிறார்! எடுத்தவனும் எடுக்கப்பட்டவளும் ஒரே சட்டத்துக்குள்! உலகத்தில் எவனுக்குத் தோன்றியது இது?"

கிணறு வெட்டப் போனவளுக்கு, பூதம் கிளம்பி எதிரே நின்று கைகொட்டுவது தெரிந்தது. அக்கா வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்கு நேரே யாரோ ஒரு பிஸ்கட் தட்டை நீட்டினார்கள். பசியும் இருந்ததால் ஒன்றை எடுத்துக்கொண்டாள். அந்தப் பிஸ்கட்டை எடுக்காமல் பேசியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும் என்று பின்னால் பல நாள் தன்னைத் திட்டிக்கொண்டாள்.

கட்டைவிரல் துணைக்குழு இப்படித்தான் பிறந்தது. மூன்று உறுப்பினர்கள், ஐந்து அமர்வுகள். முதலாளியைக் காரில் வைத்து அழைத்துப் போனார்கள். அவருடைய இடது கட்டைவிரலை மேலிருந்தும் பக்கவாட்டிலும் அளந்தார்கள். மையில் அழுத்தித் தாளில் பதித்தார்கள். படத்தின் மூலையில் இருந்த கறுப்போடு அதைப் பொருத்தி, 'ஐயத்துக்கு இடமின்றி அதே விரல்' என்று அறுபத்து நாலு பக்கத்தில் அறிக்கை கொடுத்தார்கள். முதலாளி வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அந்த விரலை நனைக்காமல் குளித்தார்.

அந்தப் பிரிவில் கொடுக்க ஆளில்லாமல் கிடந்த விருது முதலாளிக்கு. மறக்கப்பட்ட பெண் கலைஞர் விருதேதான். பெறுகிறவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று விதியில் எங்குமே சொல்லவில்லை என்பதைச் செயலர் கண்டுபிடித்திருந்தார். "ஏழு வருஷத்துல முதல் விருது, கெடுத்துடாதீங்கம்மா" என்று அக்காவிடம் கெஞ்சவும் செய்தார்.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் பெரிய திரையில் அந்தப் படம், கட்டைவிரல் ஓர் ஆள் உயரத்துக்கு. தலைவர் பேச எழுந்தார்.

"பெண்கள் இல்லாமல் ஒளிப்படக் கலையே இல்லை. நான் எடுத்த முதல் படம் என் மனைவியைத்தான். முப்பது படங்கள் எடுத்தேன், ஒன்றில்கூட அவர் அசையவில்லை. அந்தப் பொறுமைதான் பெண்கள் இந்தக் கலைக்கு அளித்த கொடை!" கைதட்டல். மேடை ஓரத்தில் கழகத்து ஊழியப் பெண் ஒருத்தி மண்டியிட்டு அவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "அம்மா, கொஞ்சம் தள்ளிப் போங்க, மறைக்குது" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். "எங்கள் கழகம் எழுபது ஆண்டுகளாகப் பெண்களை மறந்து வந்திருக்கிறது. அஜாக்கிரதையால் அல்ல, முறைப்படி, கோப்புகளோடு. நாங்கள் மறந்திராவிட்டால் இன்று நினைவுகூர எங்களிடம் என்ன மிஞ்சியிருக்கும்? மறக்கப்பட்ட ஒரு பெண்ணைத் தேடிப் போன இடத்தில், மறக்கப்பட்ட ஓர் ஆணைக் கண்டெடுத்தோம். இதைவிட ஒரு பெண் தன் கணவருக்கு வேறு என்ன செய்துவிட முடியும்?"

பின்வரிசையில் நாத்தனார் எழுந்து நின்று கைதட்டினாள்.

தலைவர் திரையைச் சுட்டினார். "இந்த அம்மையாரைப் பாருங்கள். கணவர் விளையாட்டாகக் கொடுத்த கேமராவைக் குடத்தைப் பிடிப்பது போல வயிற்றோடு அணைத்துக்கொண்டிருக்கிறார். அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பேதைமையைத்தான் கலைஞர் படமாக்கியிருக்கிறார்!"

முதலாளி கேடயத்தை வாங்கிக்கொண்டார். சட்டைப் பையில் நாலு பக்க உரை இருந்தது, பாலத்துக் கதைதான். மைக்கின் முன்னால் போய் நின்று தாளைப் பிரித்தவர், எதற்கோ திரும்பித் திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். எவ்வளவு நேரம் என்றால், செயலர் இருமிக் காட்டுகிற அளவுக்கு.

"தலைவர் ஐயா தப்பா சொல்றாரு" என்றார் முதலாளி. தாளைப் படிக்கிற குரல் இல்லை அது. "குடத்தைப் பிடிக்கிற மாதிரி இல்லீங்க அது. முழங்கையை விலாவோட ஒட்டி வெச்சிருக்கா, பாருங்க. அப்படி வெச்சாத்தான் ஆடாது. மூச்சையும் நிறுத்திடுவா. முப்பது வருஷம் கடையில திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் உக்காந்து கேட்டவன் நான். பேச்சு நின்னா, மூச்சும் நின்னா, படம் எடுக்கறான்னு அர்த்தம்."

அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"நான் எடுத்தா இப்படித்தாங்க இருக்கும். ஆளு ஆடும், சுவர் சாயும், விரல் தெரியும். அந்தப் பாலத்துப் படத்துல எங்கயாவது விரல் இருக்கா? அன்னிக்கு... அன்னிக்கு மாடியில படுத்திருந்தது..."

மைக் நின்றுபோனது. செயலர் கையில் அதன் வயர் இருந்தது. முதலாளி வாய் அசைந்தது, மூன்றாம் வரிசைக்கு எதுவும் கேட்கவில்லை. நன்றியுரை என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

பஸ் நிறுத்தத்தில் இருவரும் கேடயத்தை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நிஜமாவே நான்தான் எடுத்தேன்னு நெனச்சுட்டு இருந்தேன்டி" என்றார் முதலாளி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"தெரியும்."

"ஏன் சொல்லல நீ?"

"சொன்னேனே. வெந்நீர்கூட நீங்க வெச்சதா ஆகிப்போச்சு."

பஸ் வந்தபோது அவர் கேடயத்தை அங்கேயே விட்டுவிட்டு ஏறப் பார்த்தார். "எடுத்துக்கோங்க, நல்ல கனம், கதவுக்கு முட்டுக் குடுக்கலாம்" என்று அக்காதான் தூக்கிக்கொண்டாள். கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்றும் இருந்தது: அந்த மனுஷன் அவள் மூச்சு நிற்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது முப்பது வருஷமாக அவளுக்குத் தெரியாது.

கழகம் சும்மா இருக்குமா? அவசரக் கூட்டம் போட்டது. கட்டைவிரல் துணைக்குழு மறுபடி அமர்ந்தது. இரண்டு மாதம் கழித்து அக்காவுக்குக் கடிதம் வந்தது. 'மேற்படி பாலப் படத்தில் கட்டைவிரல் எதுவும் காணப்படாமையால், அதனை எடுத்தவர் தங்கள் கணவர் அல்லர் எனக் குழு ஒருமனதாகத் தீர்மானிக்கிறது. எனினும், கணவர் எடுக்கவில்லை என்பது மனைவி எடுத்தார் என்பதற்குச் சான்றாகாது. அதன்படி விவரப் பலகை திருத்தப்பட்டுள்ளது. பார்வைக்கு வரலாம். நுழைவுச் சீட்டு தனி.'

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சீட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டாம் கூடத்தில், படத்துக்குக் கீழே, புதுப் பித்தளைத் தகட்டில் அழகாகப் பொறித்திருந்தார்கள்:

'நம்பிக்கையின் புன்னகை. எடுத்தவர்: ஸ்டுடியோ உரிமையாளர் அல்லர்.'

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போராடிப் போராடி என் பேரைப் போட வந்தேன், உங்க பேரையும் தூக்கிட்டாங்க. நம்ம வீட்டுல இப்போ ஒருத்தரும் எடுக்கல!" காவலாளி வந்து வாயில் விரலை வைத்துக் காட்டினார். முதலாளி சிரிக்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் பார்க்க வந்த அக்கா தங்கை இருவர் பக்கத்தில் வந்து நின்றார்கள். தங்கைக்காரி பலகையைச் சத்தமாகப் படித்தாள். "உரிமையாளர் அல்லர். அப்போ யாருதான் எடுத்தாங்களாம்?"

"அது ஆராய்ச்சியில இருக்கும்மா" என்றார் காவலாளி.

"ஒரு ஆராய்ச்சியும் வேண்டாம்" என்றார் முதலாளி. கூடத்தின் அந்தக் கோடிக்குக் கேட்டது. "இதோ நிக்கிறாளே, இவதான் எடுத்தா. என் பொண்டாட்டி. அன்னிக்கு நான் காய்ச்சல்ல மாடியில படுத்துக் கிடந்தேன். எனக்கு வெந்நீர் வெச்சுக் குடுத்துட்டுப் போய் எடுத்தா."

அக்காவின் சிரிப்பு நின்றுபோனது. எதையாவது கேலியாகச் சொல்லிவிடலாம் என்று தேடினாள், வாய்க்கு ஒன்றும் வரவில்லை.

தங்கைக்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. பையிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். "அப்படின்னா எங்க ரெண்டு பேரையும் ஒண்ணு எடுத்துத் தாங்களேன்."

போனைக் கையில் வாங்கியபோதுதான் அக்காவுக்கு உறைத்தது. பதினொரு பக்கப் படிவம், இரண்டு சான்று, ஒரு துணைக்குழு, அறுபத்து நாலு பக்க அறிக்கை. இத்தனையிலும் ஒருத்தருக்காவது, 'இந்தாம்மா, ஒரு படம் எடுத்துக் காட்டு' என்று கேட்கத் தோன்றவில்லை. 'எடுத்துக் காட்டட்டுமா' என்று கேட்க அவளுக்கும் தோன்றவில்லை. அதுதான் பெரிய கூத்து.

இருவரையும் சுவரை விட்டு ஜன்னல் பக்கம் தள்ளி நிறுத்தினாள். பெரியவளைக் கொஞ்சம் திரும்பச் சொன்னாள். "உங்க கையை அவங்க தோள்ல போடாதீங்க, சும்மா நில்லுங்க. எப்பவும் எப்படி நிப்பீங்களோ அப்படி." அவர்கள் எதற்கோ ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்குகிற நேரத்தில் ஒரே ஒரு தடவை தொட்டாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒண்ணுதானா? இன்னொண்ணு எடுத்துடுங்க, எதுக்கும் இருக்கட்டும்."

"முதல்ல பாருங்க."

தங்கைக்காரி பார்த்தாள். தன் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள். பெரியவள் போனை வாங்கி முகத்துக்குக் கிட்டே வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கிச் சுவரில் இருந்த பாலத்தைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள்.

"ஏய்," என்றாள் தங்கையிடம், சுவரைக் காட்டி, "அது இவங்க எடுத்ததுதான்டி."